துணிக் கடைக்காரரின் கண்ணாடி மணி

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பார்த்திருக்கும் நுண்ணோக்கியை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். கனமான அடிப்பாகம், வளைந்த கை, மேலும் கீழும் நகரும் குழாய், ஒளியைத் திருப்பும் ஆடி, கண்ணருகே ஒரு லென்சு, பொருளருகே இரண்டு மூன்று லென்சுகள். இப்போது இவை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தீப்பெட்டி அளவுகூட இல்லாத இரண்டு உலோகத் தகடுகள். அவற்றின் நடுவே ஒரு சிறு துளை. துளையில் கடுகளவே ஆன ஒரு கண்ணாடி மணி. அதன் முன்னே கூரான ஒரு கம்பி. கம்பியை நகர்த்த இரண்டு மூன்று திருகாணிகள். இவ்வளவுதான் கருவி. மனிதன் முதன்முதலில் பாக்டீரியாவைக் கண்டது இதனைக் கொண்டுதான். கண்டவரோ விஞ்ஞானி அல்லர். ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்னும் ஊரில் துணி விற்று வந்த ஒருவர்.

நுண்ணோக்கியின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு செய்தி நமக்கு வியப்பூட்டும். அதன் இரண்டு பெரும் பாய்ச்சல்களும் வேறு தொழிலால் பிழைத்தவர்கள் ஓய்வு நேரத்தில் செய்தவை. முதலாமவர் துணி வணிகர். ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின் வந்த இரண்டாமவர் மது வணிகர். ஒருவர் தம் செய்முறையை மறைத்து வைத்தார். மற்றவர் அச்சிட்டு ஊருக்கெல்லாம் சொன்னார். இந்த வேறுபாட்டால் விளைந்தது என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

துணி வணிகர் ஆன்டனி வான் லீவன்ஹூக் 1632ஆம் ஆண்டு டெல்ஃப்ட் நகரில், கூடை பின்னும் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பதினாறாம் வயதில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு துணி வணிகரிடம் தொழில் பழகினார். 1654இல் ஊர் திரும்பிச் சொந்தக் கடை வைத்தார். 1660இல் நகர நீதிமன்ற அறையைக் கவனித்துக்கொள்ளும் அலுவல் ஒன்று கிடைத்தது. அதனால் சோற்றுக்குக் கவலையில்லை, பொழுதும் மிச்சமாயிற்று. பல்கலைக்கழகப் படி மிதித்தவரல்லர். அக்காலத்து அறிஞர்களின் மொழியான லத்தீன் அவருக்குத் தெரியாது. தாய்மொழியாகிய டச்சு ஒன்றே தெரியும். இழைகளின் தரம் பார்க்கக் கைலென்சு வைத்திருப்பது துணி வணிகர் வழக்கம். அவரது ஆர்வம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும் என்று பலரும் கருதுகின்றனர்.

அதே காலத்தில் லண்டனில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி இருந்தார். (பெயர்கள் ஒலியில் நெருங்கியிருப்பதால் மாணவர்கள் தேர்வில் இவ்விருவரையும் மாற்றி எழுதிவிடுவதுண்டு. தக்கைச் சீவலில் சிறு அறைகளைக் கண்டு 'செல்' என்று பெயரிட்டவர் ஹூக்.) 1665இல் அவர் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா' என்ற நூல் தெள்ளுப்பூச்சியையும் பேனையும் பக்கம் நிறையப் படமாக வரைந்து காட்டி, படித்தவர் உலகத்தையே ஓர் உலுக்கு உலுக்கியது. ஹூக் பயன்படுத்தியது குழாயின் இரு முனைகளிலும் லென்சு கொண்ட கூட்டு நுண்ணோக்கி. அன்றைய கூட்டு நுண்ணோக்கியில் ஒரு பெருங்குறை உண்டு. கண்ணாடி வெவ்வேறு நிற ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கிறது. ஆகவே உருவத்தைச் சுற்றி வானவில் போல வண்ண விளிம்பு தோன்றும். முதல் லென்சு செய்த இந்தப் பிழையை இரண்டாம் லென்சு மேலும் பெரிதாக்கும். பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட உருவம் மங்கும்.

ஹூக் இதை நன்கு அறிந்திருந்தார். தம் நூலின் முன்னுரையிலேயே மாற்று வழியையும் எழுதிவைத்தார். கண்ணாடித் துண்டைச் சுடரில் இளக்கி மெல்லிய இழையாக இழுக்க வேண்டும். அந்த இழையின் நுனியை மறுபடி சுடரில் காட்டினால் அது உருகித் தானாகவே சிறு உருண்டையாகத் திரளும். அதுவே லென்சு! இத்தகைய ஒற்றை லென்சு கூட்டு நுண்ணோக்கியைவிடத் தெளிவாகக் காட்டும் என்றும் அவர் எழுதினார். ஆனால் கண்ணை அதன்மேல் ஒட்டவைத்துப் பார்க்க வேண்டியிருப்பதால் தொல்லை மிகுதி என்று சொல்லித் தாம் அதை விட்டுவிட்டார்.

சிறு உருண்டை எப்படி இவ்வளவு பெரிதாக்குகிறது? நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒற்றை லென்சின் பெருக்கம் ஏறத்தாழ 250 மில்லிமீட்டரை அதன் குவிய தூரத்தால் வகுத்தால் கிடைக்கும். கண்ணாடி உருண்டையின் குவிய தூரம் அதன் விட்டத்தில் முக்கால் பங்கு. ஆக, 2 மில்லிமீட்டர் உருண்டை 160 மடங்கிற்குச் சற்று மேலும், 1 மில்லிமீட்டர் உருண்டை 330 மடங்கும் பெருக்கும். உருண்டை சிறுக்கச் சிறுக்கப் பெருக்கம் கூடும். ஆனால் பொருளை லென்சின்மேல் முட்டும்படி வைக்க வேண்டும், கண்ணும் அப்படியே, ஒளியும் குறையும். ஹூக் அலுத்துக்கொண்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அலுக்காதவர் லீவன்ஹூக். 1673இல் ஊர் மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப் அவரை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிமுகப்படுத்தி எழுதினார். அன்றிலிருந்து சாகும் வரை, ஐம்பது ஆண்டுகள், கடிதம் கடிதமாக டச்சு மொழியில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். சொசைட்டிக்கு மட்டும் ஏறத்தாழ 190 கடிதங்கள்.

மிளகு நீரும் பல் அழுக்கும்

நம் அடுப்பங்கரைப் பொருள் ஒன்று இந்த வரலாற்றில் இடம்பெற்றிருப்பது உங்களுக்குத் தெரியுமா? மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்ற கேள்வி லீவன்ஹூக்குக்கு. மிளகின் துகள்கள் முள்போலக் கூராக இருந்து நாவைக் குத்துகின்றனவோ என்று ஐயுற்றார். மிளகை நீரில் ஊறப்போட்டுச் சில வாரங்கள் கழித்து, 1676 ஏப்ரலில், ஒரு துளி எடுத்துப் பார்த்தார். முள்ளைக் காணவில்லை. எண்ணற்ற சிற்றுயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன! மழைநீர், கிணற்று நீர், கடல்நீர் என ஒவ்வொன்றாகப் பார்த்து, அவ்வாண்டு அக்டோபர் 9ஆம் நாள் நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அவற்றுள் மிகச் சிறியவற்றை நூறு வரிசையாக அடுக்கினாலும் ஒரு பருமணலின் நீளம் வராது. ஆகவே பத்து லட்சம் சேர்ந்தால்தான் ஒரு மணல் அளவு ஆகும் என்று கணக்கும் காட்டினார். அளவுகோல் இல்லாத இடத்தில் மணலையே அளவுகோலாக்கிய அறிவு பாராட்டத் தக்கது.

லண்டனில் யாரும் எளிதில் நம்பவில்லை. பாதிரிமார் முதலிய எட்டுப் பேரிடம் 'நாங்களும் கண்டோம்' என்று சான்றெழுதி வாங்கி அனுப்பினார் அவர். பேச்சை விட்டுச் செய்து பார்ப்பதே முறை என்று சொசைட்டி முடிவு செய்தது. அந்தப் பணி ஹூக்கிடமே வந்தது. முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. 1677 நவம்பர் 15ஆம் நாள், தாம் என்றோ ஒதுக்கிவைத்த ஒற்றை லென்சு வழிக்கே திரும்பிய ஹூக், மிளகு நீரில் அவ்வுயிர்களைக் கூட்டத்தாருக்குக் காட்டினார். 1680இல் துணி வணிகர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

1683இல் தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெள்ளை அழுக்கை அவர் மழைநீரில் கலந்து பார்த்தார். நாள்தோறும் உப்பிட்டுப் பல் துலக்குபவர் அவர். அப்படியிருந்தும் அழுக்கு முழுவதும் உயிர்கள்! கோல், சுருள் என அவற்றின் வடிவங்களை வரைந்தும் அனுப்பினார். பின்னாளில் ஒருமுறை முன்பற்களில் உயிருள்ளவை எதுவும் தென்படவில்லை. காலையில் குடித்த சூடான காப்பி கொன்றிருக்குமோ என்று எழுதினார். காப்பி படாத கடைவாய்ப் பல்லில் அவை உயிரோடிருந்தன.

பூட்டி வைத்த செய்முறை

கண்டதை எல்லாம் தாராளமாகச் சொன்ன அம்மனிதர், எதனால் கண்டார் என்பதை மட்டும் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களுக்குச் சாதாரணக் கருவிகளையே காட்டினார். 1685இல் அவரைக் கண்டுவந்த தாமஸ் மாலினியூ, சிறந்த கருவிகளைத் தமக்கென்றே அவர் வைத்துக்கொண்டிருப்பதாக எழுதினார். இளைஞர்களுக்கு இக்கலையைக் கற்பிக்கலாமே என்று தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் கேட்டபோது, 1715இல், ஆயிரத்தில் ஒருவர்கூட இதற்குத் தேறமாட்டார், காலமும் பணமும் அவ்வளவு வேண்டியிருக்கிறது என்ற பொருளில் மறுத்துவிட்டார்.

1723இல், தம் 90ஆம் வயதில் அவர் இறந்தார். அவர் செய்த லென்சுகள் சுமார் 500. பார்த்த பொருளைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, அடுத்த பொருளுக்கு வேறொரு கருவி செய்துகொள்வது அவர் வழக்கம். எண்ணிக்கை பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். 26 வெள்ளி நுண்ணோக்கிகளைப் பெட்டியில் வைத்து ராயல் சொசைட்டிக்கு விட்டுச் சென்றார். மற்றவை அவருடைய மகள் மறைந்த பின் 1747இல் ஏலத்தில் போயின. ஹென்றி பேக்கர் என்பவர் 1740ஐ ஒட்டி அந்த 26 கருவிகளையும் அளந்து பார்த்தார். மிகுதியான பெருக்கம் 160 மடங்குதான். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பெட்டியும் காணாமற்போயிற்று. வெள்ளிக் கருவிகள்! எங்கே போயின என்பது இன்றுவரை புலப்படவில்லை.

அவருக்குப் பின் பாக்டீரியாவை அந்த அளவுக்குத் தெளிவாகக் கண்டு தொடர்ந்து ஆராய்ந்தவர் நூறாண்டுக்கு மேல் யாரும் இல்லை எனலாம். ஆந்த்ராக்ஸ் நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று ராபர்ட் காக் நிறுவிய கட்டுரை 1876இல் வெளிவந்தது. மிளகு நீர்க் கடிதத்துக்குச் சரியாக 200 ஆண்டுகள் கழித்து! இந்தத் தாமதத்துக்கு முழுப்பழியையும் லீவன்ஹூக்கின் தலையில் ஏற்றுவது முறையாகாது. சிற்றுயிர்கள் நோயை உண்டாக்கும் என்று எண்ணும் மனநிலையே அன்று அரிது. ஒற்றை மணியில் நாளெல்லாம் உற்றுப் பார்க்கும் பொறுமையும் எல்லார்க்கும் வாய்க்காது. ஆயினும் அவர் ஒரு மாணவரையாவது பழக்கியிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

மது வணிகர் போட்ட கணக்கு

வண்ண விளிம்புக் குறையை நீக்க வழி பிறந்தது முதலில் தொலைநோக்கியில். இருவேறு கண்ணாடிகளால் ஆன லென்சுகளை இணைத்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று நேராக்கும்; 1758இல் டாலண்ட் இதற்கு உரிமம் பெற்றார். நுண்ணோக்கிக்கு வேண்டிய மிகச் சிறிய லென்சுகளில் இதைச் செய்வது மிகக் கடினம். செய்தவர்களும் பல இணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எது நன்றாகத் தெரிகிறதோ அதை வைத்துக்கொண்டார்கள். குருட்டுப் போக்குத்தான்.

லண்டனில் திராட்சை மது வணிகம் செய்துவந்த ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் 14 வயதோடு பள்ளியை விட்டவர். கணக்கும் ஒளியியலும் தாமே படித்தார். 1824 முதல் தம் ஓய்வு நேரத்தில் லென்சு இணைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒவ்வோர் இணைக்கும், அதன் அச்சில் இரண்டு தனி இடங்கள் உண்டு என்றும், அங்கே பொருளை வைத்தால் கோளப் பிறழ்ச்சி மறைகிறது என்றும் கண்டார். அவ்விடங்களைக் கணக்கில் கொண்டு இணைகளுக்கிடையே தக்க தூரம் விட்டால், எத்தனை இணை சேர்த்தாலும் உருவம் மங்காது. 1830இல் இதனை ராயல் சொசைட்டியின் இதழில் எல்லாரும் படிக்க வெளியிட்டார். கருவி செய்வோர் குருட்டுப் போக்கை விட்டுக் கணக்குப்படி செய்யத் தொடங்கினர். அடுத்த பத்தாண்டுக்குள், 1838-39இல், எல்லா உயிரினமும் செல்களால் ஆனவை என்ற கொள்கையை ஷ்லைடனும் ஷ்வானும் கூறினர். நல்ல நுண்ணோக்கி கைக்கு வந்திராவிட்டால் அது அவ்வளவு விரைவில் நடந்திருக்காது.

லிஸ்டரின் மகனையும் உங்களுக்குத் தெரியும். அறுவைச் சிகிச்சையில் கிருமி நீக்கும் முறையை 1867இல் வெளியிட்டு எண்ணற்ற உயிர்களைக் காத்த ஜோசப் லிஸ்டர்தான் அவர். சிறுவயதில் அப்பாவின் நுண்ணோக்கிகளுக்கு நடுவே வளர்ந்தவர்.

கருவி செம்மையுற்றதும் அதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் தொகை பெருகியது. எழுத்தர், மருந்து வணிகர், ஆசிரியர் எனப் பலரும் சேர்ந்து 1865இல் லண்டனில் குவெக்கெட் நுண்ணோக்கிக் கழகத்தைத் தோற்றுவித்தனர். 1873இல் தொடங்கிய இன்னொரு கழகம் இதைவிடச் சுவையானது. அதன் உறுப்பினர்கள் தாம் செய்த கண்ணாடிச் சில்லுத் தயாரிப்புகளைப் பெட்டியில் அடுக்கித் தபாலில் அனுப்புவார்கள். பெட்டி ஊர் ஊராகச் சுற்றும். பெறுபவர் பார்த்து, உடன்வரும் ஏட்டில் தம் கருத்தை எழுதி, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். டயாட்டம் என்னும் நுண்பாசியின் சிலிக்கா ஓட்டில் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த இடைவெளியில் கோடுகள் உண்டு. 'என் லென்சு இந்தக் கோடுகளைப் பிரித்துக் காட்டுகிறது, உன்னுடையது காட்டுமா?' என்ற போட்டி இவர்களிடையே ஓயாது நடந்தது. அந்தப் போட்டியே கருவி செய்வோரை மேலும் மேலும் நல்ல லென்சு செய்யத் தூண்டியது.

பேணுதல்

இப்பொழுதுபோக்கில் பார்ப்பது பாதி, பேணுவது மீதி. பழைய பித்தளை நுண்ணோக்கி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் முதலில் செய்யத் தோன்றுவது, புளியோ பாலிஷோ போட்டுப் பளபளவென்று தேய்ப்பது. அதைச் செய்யாதீர்கள். பொன்னிறமாகத் தெரிவது பித்தளையின் மேல் பூசிய அரக்கு மெருகு. தேய்த்தால் மெருகு போய்ப் பித்தளை கறுக்கும். சாராயம் அந்த அரக்கைக் கரைத்துவிடும். லென்சு இணைகளை ஒட்டவைத்திருப்பது கனடா பால்சம் என்ற மரப்பிசின். அதற்குச் சைலீன் பகை. லென்சைத் துடைக்கும் முன் தூசியை ஊதிப் போக்க வேண்டும். ஊதாமல் துடைத்தால் மணல்தாள் கொண்டு தேய்த்தது போலாகும். எண்ணெயிட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்சை, பார்த்து முடித்த அன்றே துடைத்துவிட வேண்டும். பழைய செடார் எண்ணெய் நாள்பட்டால் பிசினாக இறுகிவிடும். கல்விக்கூடங்களில் 'இந்த லென்சில் ஒன்றும் தெரியவில்லை' என்று ஒதுக்கிவைக்கப்படுவன பல, இறுகிய எண்ணெய் படிந்தவையே.

நம் நாட்டுக் கடற்கரை ஊர்களில் எல்லாவற்றிலும் கொடிய பகை ஈரக்காற்று. மழைக்காலத்தில் மரப்பெட்டியில் பூட்டிவைத்த லென்சில் பூஞ்சை இழை ஓடும். நாளாக ஆகக் கண்ணாடியையே அரிக்கும். அரித்த பின் துடைத்துப் பயனில்லை. சிறு துணிப்பையில் நீலநிறச் சிலிக்கா ஜெல் போட்டு லென்சோடு மூடிவையுங்கள். ஈரத்தை உறிஞ்சியதும் அது இளஞ்சிவப்பாகும். மெல்லிய சூட்டில் உலர்த்தினால் மறுபடி நீலமாகும். சமையலுக்குப் பயன்படும் பாத்திரத்தில் மட்டும் உலர்த்த வேண்டாம். எப்படித்தான் பேணினாலும், லென்சு இணையைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். கழற்றுவது எளிது, மைக்ரான் அளவில் பழைய இடத்தில் வைப்பது எளிதன்று.

கழற்றக் கூடாத கருவி ஒன்றைக் கழற்றாமலே உள்ளே பார்த்த கதையும் உண்டு. லீவன்ஹூக்கின் கருவிகளில் இன்று எஞ்சியவை பத்துப் பன்னிரண்டே. அவற்றுள் ஹாலந்தின் உட்ரெக்ட் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது ஏறத்தாழ 270 மடங்கு பெருக்குவது. 1981இல் பிரையன் ஃபோர்டு என்பவர் ராயல் சொசைட்டியின் ஏடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, லீவன்ஹூக்கின் 1674ஆம் ஆண்டுக் கடிதத்தோடு ஒட்டியிருந்த சிறு காகிதப் பொட்டலங்கள் கண்ணில் பட்டன. உள்ளே அந்தத் துணி வணிகரே சீவியனுப்பிய தக்கைச் சீவல்களும் நெட்டிச் சீவல்களும் இருந்தன. வெள்ளிக் கருவிகளைத் தொலைத்த அதே சங்கத்தில் காகிதப் பொட்டலம் 307 ஆண்டுகள் பத்திரமாக இருந்திருக்கிறது! உட்ரெக்ட் கருவியின் லென்சு வழியாகவே அவற்றை ஃபோர்டு படமெடுத்தபோது, செல்லறைகள் தெளிவாகத் தெரிந்தன.

ஆனால் அந்த லென்சு எப்படிச் செய்யப்பட்டது? அறைந்து மூடிய இரு தகடுகளுக்கிடையே அது இருக்கிறது. வெளியே தெரிவது நடுவிலுள்ள சிறு பகுதி மட்டும். பிரித்தால் கருவி பாழாகும். எக்ஸ் கதிரை உலோகத் தகடு மறிக்கும். நியூட்ரான் கற்றையோ உலோகத்தை எளிதாக ஊடுருவும். டச்சு ஆராய்ச்சியாளர்கள் இக்கருவியை டெல்ஃப்டில், அவர் வாழ்ந்த ஊரிலேயே உள்ள அணு உலையில் வைத்து நியூட்ரான் கற்றையால் படமெடுத்தனர். 2021இல் முடிவு வெளிவந்தது. உள்ளே ஓர் உருண்டை. அதன் ஓரத்தில் சிறு காம்பு. கண்ணாடி இழையின் நுனியை உருக்கினால் எஞ்சும் காம்புதான் அது. அரைத்துத் தேய்த்த லென்சில் காம்பு இருக்காது.

ஆக, இந்த மிகச் சிறந்த லென்சின் செய்முறை, ஹூக் 1665லேயே தம் நூலின் முன்னுரையில் அச்சிட்டிருந்த அதே முறை. தாம் யாருக்குக் கடிதம் எழுதிவந்தாரோ அந்தச் சங்கத்தில் இருந்தவரின் வழியையே கையாண்டதால்தான் லீவன்ஹூக் வாய் திறக்கவில்லையோ என்று ஆராய்ச்சியாளர்கள் ஊகிக்கின்றனர். அவரது வேறொரு கருவியைப் படமெடுத்தபோது அதில் இருந்தது அரைத்துத் தேய்த்த லென்சு. இரண்டு முறையும் அவருக்குக் கைவந்திருந்தது. உட்ரெக்ட் கருவி ஒரு தகடும் நெகிழாமல் பழையபடி தன் இடத்திற்குத் திரும்பிச் சென்றது.